ஆரோக்கியர் எண் 23

பிப்ரவரி 9, திங்கள்

பெங்களூரிலிருந்து ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது. டாக்டர் சுகவனம் அதைப் பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் வாங்கி என் மேசைமேல் வைத்து, "இனிமே எல்லாம் உங்க கையிலதான் ரெஜினா" என்றார். ஆய்வுக் கட்டுரை எழுதி முடித்ததும் எல்லாம் மறுபடி அவர் கைக்குப் போய்விடும். நடுவில் இருக்கும் வேலை மட்டும்தான் என் கைக்கு.

வீட்டுக்கு வந்ததும், ஆபீஸில் நீ என்னதான் செய்கிறாய் என்று ஸ்டெல்லா கேட்டாள். என் தங்கை. ஆறு வருடமாக உறையூரில் அவள் வீட்டு மாடியறையில் இருக்கிறேன், ஆறு வருடமாக இதே கேள்வி. இன்று பொறுமையாகச் சொன்னேன். நூறு பேரின் ரத்தம். அறுபது பேர் காசநோயாளிகள், நாற்பது பேர் ஆரோக்கியமானவர்கள். ஒவ்வொருவரிடமும் இருபதாயிரம் ஜீன்கள். எந்த ஜீன் உரக்கப் பேசுகிறது, எது முணுமுணுக்கிறது, எது வாயே திறக்கவில்லை என்பதையெல்லாம் எண்களாக்கி அனுப்பியிருக்கிறார்கள். நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் எந்த ஜீன்கள் கூச்சல் போடுகின்றன என்று பார்த்து நான் ஒரு மாடல் கட்டவேண்டும். நாளைக்கு யாரோ ஒருவர் ரத்தம் கொடுத்தால், அவருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று அந்த மாடல் சொல்லவேண்டும்.

"அப்ப ஜோசியம்" என்றாள்.

ஜோசியர்கள் தங்கள் பிழை விகிதத்தை வெளியிடுவதில்லை, நாங்கள் வெளியிடுகிறோம், அதுதான் வித்தியாசம் என்றேன். அதற்குள் அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டாள். ஜோவிட்டாவுக்கு எட்டு மாதம். என் விளக்கத்தை இந்த வீட்டில் முழுதாகக் கேட்டது அவள் ஒருத்திதான்.

பிப்ரவரி 11, புதன்

நூறு பேர், இருபதாயிரம் ஜீன். இந்த விகிதத்தில் தேடினால் எதை வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். சனிக்கிழமை பிறந்தவர்களுக்கென்று ஒரு ஜீன், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கென்று ஒரு ஜீன் எல்லாம் கிடைக்கும். ஒருவரை ஒளித்துவைத்துவிட்டு மற்றவர்களை வைத்து மாடலைப் பழக்கி, பிறகு ஒளித்தவரைக் காட்டி 'இவர் யார், சொல்' என்று கேட்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் இதைச் செய்தால்தான் மாடல் கற்றுக்கொண்டதா மனப்பாடம் செய்ததா என்று தெரியும். இதைச் சொன்னபோது டாக்டர், "பண்ணுங்க பண்ணுங்க, ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வேணும்" என்றார். அவருக்கு ஆராய்ச்சி என்பது படம்.

ஜோவிட்டாவுக்குக் கீழ்ப்பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. என் விரலில் சோதித்தாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

படம் வந்துவிட்டது. நோயாளிகள் சிவப்புப் புள்ளிகள், ஆரோக்கியர்கள் நீலப் புள்ளிகள். சிவப்பெல்லாம் வலப்பக்கம், நீலமெல்லாம் இடப்பக்கம், கல்யாணப் பந்தலில் பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் உட்கார்ந்திருப்பதுபோல. ஒரே ஒரு நீலம் மட்டும் சிவப்புக் கூட்டத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது, ஆரோக்கியர் வரிசையில் இருபத்துமூன்றாவது. எச்-23.

டியூப் மாறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பெண்களிடம் மட்டும் உரக்கப் பேசும் ஜீன் ஒன்று இருக்கிறது. படிவத்தில் ஆண் என்றிருந்து அந்த ஜீன் பேசினால், குழப்பம் நடந்திருக்கிறது என்று பொருள். எச்-23 படிவத்திலும் பெண், ஜீனிலும் பெண். சரிதான்.

ஆரோக்கியமான நாற்பது பேரைப் பிடித்த கதையை இங்கே எழுதிவைக்கவேண்டும். ரோட்டில் போகிற யாரும் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க வரவில்லை. ஆகவே நவம்பரில் எங்கள் காசநோய் ஆராய்ச்சி மையத்து ஊழியர்களையே வரிசையில் நிறுத்தினோம். டிரைவர்கள், கேண்டீன்காரர்கள், காவலாளிகள், நூலகர், கணக்குப் பிரிவு. இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு ஏதாவது உண்டா என்று படிவத்தில் கேள்வி. "நல்லாயிருக்கேன்" என்று பதில். அதோடு முடிந்தது அறிவியல். மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் யார்தான் நன்றாக இல்லாமல் இருப்பார்கள்?

எச்-23 யார் என்பது எங்களில் யாருக்கும் தெரியக்கூடாது. பெயர்ப் பட்டியல் உறையில் போட்டு ஒட்டி லேப் டெக்னீஷியன் பர்வீனின் பீரோவில் இருக்கிறது.

மதியம் கேண்டீனில் பெண்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்தேன். நூலகர் இருமினார். கணக்குப் பிரிவு அம்மா இளைத்துவிட்டார், ஆனால் அவர் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை. பிறகு மீன் குழம்பு. ஜோவிட்டா மதியம் முழுக்க என் மார்பில் தூங்கினாள். எழுந்தால் விழித்துவிடுவாள் என்று மூன்று மணி நேரம் அசையாமல் கிடந்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

டாக்டரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது புள்ளிகள் அவர் கண்ணில் படவில்லை.

"ஒரு நீலம் அங்க போய் நின்னா ரெவியூவர் அதை மட்டும்தான் பாப்பாங்க. தூக்கிடுங்க ரெஜினா."

நான் பிரசங்கம் செய்தேன். பிடிக்காத புள்ளியைத் தூக்குவதற்குப் பெயர் புள்ளியியல் இல்லை, வீட்டுக்கு விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற வேலை என்றேன். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே நோய் இருந்தால் என்ன செய்வது, உறையைப் பிரித்து அவருக்குச் சொல்லவேண்டாமா என்று கேட்டேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். இது ஆராய்ச்சி, வைத்தியம் இல்லை என்றார் அவர். மாடல் இன்னும் நிரூபிக்கப்படவில்லை, நிரூபிக்கப்படாத மாடலை நம்பி ஒரு பெண்மணியைப் பயமுறுத்தலாமா என்றும் கேட்டார்.

இது நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. அவர் கேள்வி நியாயமாகப் பட்டது இதுவே முதல் தடவை.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் பூசிய சிலுவையை ஜோவிட்டா ஈரக் கையால் தேய்த்துத் தன் மூக்கிலும் பூசிக்கொண்டாள்.

எலும்பாகப் போய்விட்டாய் என்றாள் ஸ்டெல்லா. தவக்காலம், ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு என்றேன். தவக்காலம் இன்று காலையில்தான் தொடங்கியது என்பதை அவள் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். ஒரே தூசி. இன்றுமுதல் வீட்டிலும் மாஸ்க்.

தோள்பட்டையில் பிடிப்பு. ஜோவிட்டாவைத் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். தட்டையும் டம்ளரையும் மாடிக்கே எடுத்துவந்துவிட்டேன். தனியாகச் சாப்பிட்டால் ஜெபத்தில் மனம் நிற்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

எச்-23ஐ நீக்கிவிட்டேன்.

டெல்லி மாநாட்டுக்கு இருபத்தெட்டாம் தேதிக்குள் கட்டுரைச் சுருக்கம் அனுப்பவேண்டும். நீக்கும்போது காரணம் எழுதவேண்டிய ஒரு கட்டம் உண்டு. 'சாம்பிளின் தரம் குறைவு' என்று எழுதினேன். எச்-23இன் தரம் பத்துக்கு ஒன்பது. நூறில் மூன்றாவது இடம்.

படம் சுத்தமாக இருக்கிறது. டாக்டர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். கடைசியில் நீங்களும் ப்ராக்டிகலாக ஆகிவிட்டீர்கள் என்று பாராட்டினார்.

பிப்ரவரி 27, வெள்ளி

பர்வீன் என் அறைக்கு வந்தாள். எட்டு வருடமாக இங்கே டெக்னீஷியன். ஒப்பந்த வேலை, ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பிக்கவேண்டும். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"மேடம், இருபத்தி மூணு தரம் குறைவுன்னு போட்டிருக்கீங்களாமே. சார் கூப்பிட்டுக் கேட்டாரு. நான் எடுத்த சாம்பிள்ல தரம் குறைவா?"

சில சமயம் அப்படி ஆகும், உங்கள் தப்பு இல்லை என்றேன்.

"என் தப்பு இல்லைன்னா யார் தப்பு? எடுத்தது நான், ஐஸ்ல வச்சது நான், அனுப்பினது நான்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "நீங்களும் அன்னிக்குக் குடுத்தீங்களே மேடம். ஊசி குத்தறப்ப கண்ணை மூடிக்கிட்டு வகுத்தல் கணக்கு போட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை என்றேன்.

மார்ச் 1, ஞாயிறு

இருமல் சிரப், பெரிய பாட்டில். சாக்கடை வேலை இன்னும் முடியவில்லை.

மார்ச் 2, திங்கள்

ஸ்டெல்லாவோடு சண்டை. படிக்கட்டில் வழிமறித்து நின்றுகொண்டாள்.

"குழந்தையத் தொட மாட்டேங்கற. அவ உன்னப் பாத்துக் கையத் தூக்கறா, நீ பாட்டுக்கு மாடிக்கு ஓடற. உனக்கு எங்க மேல என்ன கோபம்னு சொல்லிட்டுப் போக்கா."

கோபம் எதுவும் இல்லை என்றேன். பிறகு, இதற்குமேல் முட்டாள்தனமாக எதுவும் சொல்ல முடியாது என்ற அளவில் ஒன்றைச் சொன்னேன். குழந்தை அழுகிற வீட்டில் வேலை ஓடவில்லை, கன்டோன்மென்டில் ஹாஸ்டல் பார்த்திருக்கிறேன் என்று. ஸ்டெல்லா வழியை விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

மார்ச் 4, புதன்

ஹாஸ்டல். தனி அறை, இரண்டு ஜன்னல், இரண்டும் திறக்கின்றன. கேட்டு வாங்கினேன். எனக்குக் காற்றோட்டம் பிடிக்கும்.

மார்ச் 6, வெள்ளி

டாக்டர் பர்வீனுக்கு மெமோ கொடுத்திருக்கிறார். 'சாம்பிள் கையாள்வதில் கவனக்குறைவு.' ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கோப்பில் அதன் நகல் போகிறது. பர்வீன் அதை என் மேசைமேல் வைத்து, ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள். சொன்னேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 8, ஞாயிறு

எட்டு நாளாக நான் அலுவலகத்தில் செய்துகொண்டிருப்பது இதுதான்: நீக்கிவிட்ட ஒரு சாம்பிளை, யாருக்கும் தெரியாமல், விதவிதமான மாடல்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு முறைகளில் முயன்றுவிட்டேன். ஐந்நூறு தடவை தரவைக் கலைத்துப் போட்டுக் கேட்டேன். நானூற்று எண்பத்தெட்டு தடவை, எச்-23 நோயாளி என்றே பதில் வந்தது. மிச்சம் பன்னிரண்டு தடவையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். வேறு யாருடைய ரத்தத்துக்கும் இத்தனை மரியாதை செய்ததில்லை.

மாடலில் பிழை இல்லை. எழுதியவளுக்குத் தெரியாதா?

மார்ச் 9, திங்கள்

இதை நேராக எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 14 அன்று பர்வீன் என் கையிலிருந்து ரத்தம் எடுத்து, டியூபில் ஸ்டிக்கர் ஒட்டினாள். எச்-23. கண்ணைத் திறந்ததும் நான் பார்த்தது அதைத்தான். எனக்கு எண்கள் மறக்காது. பிப்ரவரி 13 அன்று படம் திரையில் வந்த அந்த நிமிடமே அந்தப் புள்ளி யாரென்று எனக்குத் தெரியும். பிறகு கேண்டீனில் உட்கார்ந்து நூலகரின் இருமலை எண்ணினேன்.

மதியம் பர்வீனை சைக்கிள் ஷெட்டுக்குக் கூப்பிட்டேன். திறந்த இடம், காற்று வரும். மூன்றடி தள்ளி நின்று, எச்-23 நான்தான், தரம் குறைவு என்று எழுதியது பொய் என்றேன்.

"தெரியும் மேடம்" என்றாள். "ஸ்டிக்கர் ஒட்டினது நான்தானே. தரம் குறைவுன்னு நீங்க போட்ட அன்னிக்கே லிஸ்ட நெனச்சுப் பாத்தேன். நீங்களே வருவீங்கன்னு இருந்தேன். இல்லைன்னா இந்த வாரம் நானே வந்திருப்பேன்."

மெமோ வந்த பிறகும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பேர வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்." பிறகு வழக்கமாக நோயாளிகளிடம் பேசுகிற குரலில், நாளைக் காலை பல் தேய்ப்பதற்கு முன்னால், ஆழமாக இருமி, எச்சில் இல்லாமல் சளி வேண்டும் என்றாள். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். "எட்டு வருஷமா இந்த டப்பா குடுக்கறேன் மேடம். கூலி வேலைக்குப் போறவங்க ரெண்டாவது வாரத்துல வந்துருவாங்க. படிச்சவங்கதான் லேட்டா வருவாங்க."

மார்ச் 11, புதன்

இருபதாயிரம் ஜீனும் ஐந்நூறு தடவையும் தேவைப்படவில்லை. அரசு மருத்துவமனையில் ஒரு இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிட்டது. காசநோய். சாதாரண மருந்துக்குக் கேட்கிற வகை. ஆறு மாதம் மாத்திரை. இதே வகையை நூற்றுக்கணக்கான பேருக்குக் குணப்படுத்தியதன் அட்டவணைகளை நானே போட்டிருக்கிறேன். அட்டவணையில் பார்க்கும்போது பயமாக இல்லை.

ஸ்டெல்லாவுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கவேண்டும், நோய் இல்லையென்றாலும் தடுப்பு மாத்திரை கொடுக்கவேண்டும் என்றும் சொன்னேன்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"பிப்ரவரி பதிமூணு."

"தோள்வலின்னு சொன்னது என்னிக்கு?"

"இருபது."

"நடுவுல ஒரு வாரம் இருக்குக்கா" என்றாள். "அந்த ஒரு வாரமும் அவ உன் மேலதான் தூங்கினா."

கிண்டலாகச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

இன்னும் இரண்டு வாரம் ஆபீஸ் வாசலை மிதிக்கக்கூடாது. டாக்டர் சுகவனத்திடம் போனில் சொன்னேன். போனிலேயே இரண்டடி பின்னால் போனார். பிறகு அவர் குரலில் விளக்கு எரிந்தது.

"ரெஜினா, இதுதான் பேப்பர். நோய் தெரியறதுக்கு நாலு மாசம் முன்னாடியே மாடல் கண்டுபிடிச்சிருக்கு. எச்-23ஐ உள்ள கொண்டுவாங்க. தனிப் படம் போடுங்க, அம்புக்குறியோட."

மூன்று வாரம் முன்னால் தூக்கச் சொன்னவருக்கு இப்போது அம்புக்குறி வேண்டும். ஆசையாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவை ஒரு கட்டுரையில் நான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஆனால் நாலு மாதம் முன்னால் என்பது பொய். நவம்பரிலேயே எனக்கு இருமல் இருந்தது. மூன்று வாரமாக இருந்தது. படிவத்தில் கேட்டபோது நல்லாயிருக்கேன் என்று எழுதியது நான்தான், கேள்வியைத் தயாரித்ததும் நான்தான். நான் ஆரோக்கியர் பட்டியலில் வந்திருக்கவே கூடாது. இதைச் சொன்னேன்.

"யாருக்குத் தெரியும் அது?" என்றார்.

"எனக்குத் தெரியும் சார்."

ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கிற ஒருவரை நோயாளி என்று சொல்வதற்கு மாடல் எதற்கு என்று அவருக்கும் தெரியும். கோபமாக இருந்தார். சாயங்காலம் ஹாஸ்டலிலிருந்தே கோப்பைத் திருத்தி அனுப்பினேன். எச்-23 நீக்கப்பட்டது நீக்கப்பட்டதாகவே இருக்கிறது. காரணம் மட்டும் மாறியிருக்கிறது: 'சாம்பிளின் தரத்தில் குறையில்லை. பங்கேற்பாளர் இருமலை மறைத்தார். முதலில் எழுதிய காரணம் பொய், எழுதியவர் ரெஜினா.' டெல்லிக்குப் போன சுருக்கத்துக்கும் திருத்தம் போயிற்று. பர்வீனின் மெமோவை ரத்து செய்யவேண்டும் என்று தனிக் கடிதம், நகல் நிர்வாகக் குழுவுக்கு. நாற்பது ஊழியர்களையும் மறுபடி பரிசோதிக்கவேண்டும் என்று இன்னொன்று.

மார்ச் 17, செவ்வாய்

ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு வரி: 'எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. மாத்திர ஆரம்பிச்சாச்சு.'

பத்து தடவை படித்தேன். அதற்குமேல் படித்தாலும் அதே வரிதான்.

மார்ச் 20, வெள்ளி

மாத்திரை ஒத்துக்கொள்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, அப்படித்தான் போகும் என்று பர்வீன் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. என்னுடையதும் ஒப்பந்த வேலைதான், அதைப் பற்றி டாக்டர் 'யோசிக்கிறார்'. போன் செய்து சொன்னது அவள்தான். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். மதியம் சாப்பிட்டீங்களா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

மறுபரிசோதனையில் சளியில் கிருமி இல்லை. என்னால் இனி யாருக்கும் ஆபத்து இல்லை என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். முதலில் ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். காலை ஆறு மணிக்கு ஸ்டெல்லாவே போன் செய்து, வா என்றாள். பண்டிகை வாழ்த்து எதுவும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தவள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். ஜோவிட்டா தரையில் இருந்தாள். மேலே இரண்டு பல் வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் யாரோ என்று விழித்தாள், பிறகு உதடு பிதுங்கியது, பிறகு வீடே அதிர அழுதாள். ஒரு மாதம் போதும் போலிருக்கிறது என்னை மறக்க. நான் கையை நீட்டவில்லை.

ஸ்டெல்லா சமையலறையில் மாத்திரையைப் பொடித்து, கரண்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொண்டுவந்தாள். மூன்று வாரமாகத் தினம் காலையில் யுத்தம், இரண்டு பேர் பிடித்தால்தான் உள்ளே போகிறது என்றாள். பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள், கரண்டியை என் கையில் கொடுத்தாள்.

"உன்னாலதான் இவ இதச் சாப்பிடறா. நீ குடு."

கொடுத்தேன். பாதி என் புதுப் புடவையில் விழுந்தது. ஜோவிட்டா கத்தினாள், உதைத்தாள், என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். ஸ்டெல்லா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். கரண்டியை வழித்து, மிச்சத்தையும் எப்படியோ உள்ளே தள்ளினோம். முடிந்ததும் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. அழுது அழுது களைத்துப்போன ஜோவிட்டா, யார் தோள் என்று பார்க்காமல் என் தோளில் தலையைப் போட்டாள்.

ஸ்டெல்லா கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் அஞ்சர மாசம் இருக்கு" என்றாள். "ஆபீஸ் போறதுக்கு முன்னாடி தினம் வந்து குடுத்துட்டுப் போ. ஏழு மணிக்கு. அதுக்கு மேலன்னா அவ தூங்கிருவா."

சரி என்றேன். கன்டோன்மென்டிலிருந்து ஏழு மணிக்கு உறையூரில் இருக்கவேண்டுமென்றால் ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். காலையில் எழுகிற ஜாதி இல்லை நான். ஐந்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.